கப்பலைக் கட்டிய நூல்கள்

மாதிரிக் கப்பல் கட்டுவதைச் சிறுவர்களின் விடுமுறைப் பொழுதுபோக்காகவே நம்மில் பலர் எண்ணி வந்திருக்கிறோம். நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். நண்பர்கள் மூவர் சேர்ந்து, 1:100 அளவில் வார்க்கப்பட்ட ‘விக்டரி’ போர்க்கப்பலின் பிளாஸ்டிக் பெட்டியொன்றை வாங்கித் திறந்தோம். உடற்பகுதியை ஒட்டி, வண்ணம் பூசி, பீரங்கிகளை வரிசையில் நிறுத்தியதும் வேலை முடியும் தறுவாய்க்கு வந்துவிட்டதென்று மகிழ்ந்தோம். பெட்டியின் அடியில் மிஞ்சியிருந்தவை சில நூற்கண்டுகளும், எண்கள் இடப்பட்ட வரைபடத் தாள்களும் மட்டுமே. அந்த நூற்கண்டுகளைக் கட்டி முடிக்க எங்களுக்கு ஓராண்டுக்கு மேல் பிடித்தது.

காரணம் எளியது. கப்பலின் உடல் அச்சில் வார்த்தது. அதன் வடிவத்தைத் தொழிற்சாலையே தீர்மானித்துவிட்டது. கயிறு அப்படியன்று. எது முதலில், எது கறுப்பு, எது எங்கே சென்று முடிகிறது என்பதை ஒவ்வொரு முறையும் கட்டுபவனே தீர்மானிக்க வேண்டும். அதற்குப் படிக்க வேண்டும். படித்தவற்றையும், படித்ததனால் எழுந்த ஐயங்களையும் இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

*

முதல் ஐயம், நாங்கள் கட்டுவது எந்த ‘விக்டரி’ என்பது.

இங்கிலாந்தின் சாத்தம் துறையில் 1759 ஜூலை 23 அன்று இக்கப்பலின் அடிமரம் நாட்டப்பட்டது. வடிவமைத்தவர் சர் தாமஸ் ஸ்லேட். ஏறத்தாழ 6,000 மரங்கள், பெரும்பாலும் ஓக், இதற்காக வெட்டப்பட்டன. 1765 மே 7 அன்று நீரில் இறங்கியது. பீரங்கித் தளத்தின் நீளம் 186 அடி. எங்கள் மேசையில் அது 57 செ.மீ. அமைதிக் காலமாகையால் பல ஆண்டுகள் வேலையின்றி நின்று, 1778-இல்தான் போருக்குப் புறப்பட்டது. முப்பதாண்டுகளுக்குப் பின் அதன் காலம் முடிந்ததாகவே கருதப்பட்டது. 1797 முதல் போர்க்கைதிகளுக்கான மருத்துவமனைக் கப்பலாக அது நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. பிறகு வேறொரு பெரிய கப்பல் கரையில் மோதி அழிந்ததால் தட்டுப்பாடு ஏற்பட, 1800 முதல் 1803 வரை ‘விக்டரி’ பெரும் செலவில் புதுப்பிக்கப்பட்டது. பின்புறத்தில் அதிகாரிகள் உலாவிய திறந்த மாடங்கள் அடைக்கப்பட்டன. முகப்பிலிருந்த பெரும் சிற்பத் தொகுதி நீக்கப்பட்டு எளிய சின்னமொன்று வைக்கப்பட்டது. நெல்சன் ஏறியது இந்தக் கப்பலில்தான்.

ஆகவே 1765-இன் ‘விக்டரி’யும் 1805-இன் ‘விக்டரி’யும் பெயரால் ஒன்று, தோற்றத்தால் வேறு. எங்கள் பெட்டியிலிருந்தது பிந்தையது. அந்த அளவில் குழப்பமில்லை. ஆனால் கயிறு என்று வந்தவுடன் ஆண்டைச் சொன்னால் மட்டும் போதாது, நாளையும் நேரத்தையும் சொல்ல வேண்டும் என்பது பின்னர்தான் விளங்கியது.

*

கப்பலைச் சிறியதாகச் செய்து பார்ப்பது பழைய வழக்கம். பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஆங்கிலேயக் கடற்படை நிர்வாகத்தைச் சார்ந்து செய்யப்பட்ட மாதிரிகள் பல கிரீனிச்சில் இன்றும் உள்ளன. பெரும்பாலும் 1:48 அளவு. நான்கு அடிக்கு ஓர் அங்குலம். நீர்மட்டத்திற்குக் கீழே பலகை பொருத்தாமல் விலா மரங்கள் தெரியும்படி விட்டிருப்பார்கள். நாட்குறிப்புக்குப் புகழ்பெற்ற சாமுவேல் பெபிஸ் கடற்படை அலுவலராகப் பொறுப்பேற்றபோது கப்பலைப் பற்றி ஏதும் அறியாதவராக இருந்தார். 1662-இல் ஒரு மாதிரியை முன்னால் வைத்துக்கொண்டு, ஒரு மாலுமியிடம் அதன் உறுப்புகளின் பெயர்களைக் கற்றுக்கொண்டார். மாதிரி அங்கே பாடநூல்.

இதற்கு நேர் எதிரான மற்றொரு மரபும் உண்டு. பிரான்சுடனான போர்களில் பிடிபட்ட கைதிகளுக்காக, பீட்டர்பரோவுக்கு அருகே நார்மன் கிராஸ் என்னுமிடத்தில் 1797-இல் ஒரு முகாம் திறக்கப்பட்டது. போர்க்கைதிகளுக்கென்றே கட்டப்பட்ட முகாம்களில் அதுவே முதலாவது என்பர். 1814 வரை அது நீடித்தது. உணவில் எஞ்சிய எலும்பை வேகவைத்து, வெளுத்து, சீவித் தகடாக்கி, அந்தக் கைதிகள் கப்பல்கள் செய்தார்கள். முகாமின் வாயிலில் நடந்த சந்தையில் அவற்றை விற்றுக் காசு பார்த்தார்கள். அவற்றில் பல அளவுக்குப் பொருந்தாதவை. பாய்மரம் உயரம் கூடியிருக்கும், பீரங்கி எண்ணிக்கை மிகுந்திருக்கும். வரைபடமின்றி நினைவிலிருந்து செய்தவர்களிடம் வேறு எதை எதிர்பார்ப்பது? ஆயினும் கயிறுகளை மட்டும் பாருங்கள். கையால் இழுத்துப் பழகியவன் கட்டியவை என்பது தெரியும். அதே ஆண்டுகளில் மெட்வே ஆற்றில் ‘விக்டரி’ கைதிகளின் மருத்துவமனையாகக் கிடந்தது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும்.

அலுவலரின் மாதிரி, கைதியின் மாதிரி என்னும் இவ்விரண்டுக்கும் வெகு பின்னால் வந்தது பெட்டி. 1950-களில் பிளாஸ்டிக் மாதிரிகள் பிரிட்டனின் மலிவு விலைக் கடைகளுக்கு வந்தன. ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1952-இல் வெளியிட்ட ‘கோல்டன் ஹைண்ட்’ சில்லறைக் காசுக்குக் கிடைத்தது. பள்ளிச் சிறுவன் கையில் கப்பலின் உறுப்புப் பெயர்கள் வந்து சேர்ந்தது அப்படித்தான்.

*

பாய்க்கப்பலின் கயிறுகள் இரண்டு வகைப்படும். பாய்மரங்களை நிமிர்த்திப் பிடித்திருக்கும் நிலைக்கயிறுகள் ஒரு வகை. பாய்களையும் அவற்றைத் தாங்கும் குறுக்கு மரங்களாகிய பருமல்களையும் இயக்கும் ஓடுகயிறுகள் மற்றொரு வகை. நிலைக்கயிறுகளுக்கு வெயிலும் உப்புநீரும் அண்டாதபடி தார் பூசுவார்கள். எனவே அவை கருமையானவை. ஓடுகயிறுகள் கப்பிகளின் வழியே ஓட வேண்டியவை; அவை சணலின் இயல்பான மங்கிய பழுப்பு நிறத்திலேயே இருக்கும். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் கொண்டால் மாதிரியின் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நிலைக்கயிறுகளில் முதன்மையானவை பக்கவாட்டில் இறங்கும் ‘ஷ்ரவுட்’ என்னும் பக்கவடங்களும், முன்னோக்கி இழுத்துப் பிடிக்கும் ‘ஸ்டே’ என்னும் முன்வடங்களும். ஒவ்வொரு பக்கவடத்தின் கீழ்முனையிலும் மூன்று துளையிட்ட வட்டக் கட்டை ஒன்று இருக்கும். கப்பலின் விளிம்பில் அதற்கு இணையாக மற்றொரு கட்டை. இரண்டின் துளைகளிலும் மாறி மாறி ஒரு சிறு கயிற்றைக் கோத்து இழுத்தால் வடம் இறுகும். இரு கண்ணும் வாயும் போலத் தோன்றும் இந்தக் கட்டையை மாலுமிகள் ‘டெட்ஐ’ என்றார்கள், செத்தவன் கண்.

இங்கேதான் எங்கள் முதல் பெரும் பிழை நேர்ந்தது. வழிகாட்டித் தாளில் முன்வடத்திற்குச் சிறிய எண் இடப்பட்டிருந்தது. அதை முதலில் கட்டினோம். பிறகு பக்கவடங்களை ஏற்றியபோது அவற்றின் கண்ணிகள் முன்வடத்தின் மேல் அமர்ந்தன. பார்வைக்கு ஏதோ நெருடியது. டேவிட் ஸ்டீல் 1794-இல் வெளியிட்ட கயிறமைப்பு நூலும், டார்சி லீவர் 1808-இல் இளம் அதிகாரிகளுக்காக எழுதிய படநூலும் இன்று இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றன. அவற்றைப் புரட்டியபோது பிழை விளங்கியது. பாய்மரத்தின் உச்சியில் முதலில் ஏறுவது வலப்புறத்தின் முன்னணி இணை. அடுத்தது இடப்புறத்தின் முன்னணி இணை. இப்படி மாறி மாறி எல்லாப் பக்கவடங்களும் ஏறிய பிறகே முன்வடம் அவற்றின் மேல் வந்து அமரும். இரண்டு மாத வேலையைக் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்தோம்.

லீவரின் நூலைப் பற்றி ஒரு சொல். அது கப்பலை வருணிக்கவில்லை. வெற்று உடலிலிருந்து தொடங்கி, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று படிப்படியாகச் சொல்லிக்கொண்டு போகிறது. உண்மையான கப்பலில் முறை தவறினால் ஆள் சாவான். வழிகாட்டித் தாளுக்கு அந்த அச்சம் இல்லை. அதற்கு எண் என்பது துண்டின் எண். லீவருக்கு எண் என்பது வேலையின் வரிசை.

இருபதாம் நூற்றாண்டில் இத்துறையில் வந்த முக்கிய நூல், நெபியன் லாங்ரிட்ஜ் 1955-இல் வெளியிட்ட நெல்சன் காலக் கப்பல்களின் உடற்கூறு. 1:48 அளவில் ‘விக்டரி’யைத் தாமே கட்டி, கட்டிய அனுபவத்தை ஒவ்வொரு கயிறாக எழுதினார். பெட்டியில் வந்த நூலும் இந்த நூல்களும் சேர்ந்துதான் எங்கள் கப்பலைக் கட்டின.

*

அன்றைய கயிற்றை விட்டத்தால் அளப்பதில்லை. சுற்றளவால், அங்குலத்தில் அளந்தார்கள். 18 அங்குலக் கயிறு என்றால் விட்டம் ஏறத்தாழ 145 மி.மீ.; ஒரு மனிதனின் தொடைப் பருமன். எங்கள் அளவில் அது 1.45 மி.மீ. மறுகோடியில், ஏணிப்படி போலப் பக்கவடங்களுக்குக் குறுக்கே கட்டப்படும் ஒன்றரை அங்குலக் கயிறு 0.12 மி.மீ. ஆகிவிடுகிறது. தையல் நூலைவிட மெல்லியது. பெட்டியில் வந்த சில கண்டுகளைக் கொண்டு இத்தனை பருமன்களையும் காட்ட முடியாது. நாங்கள் கடைத்தெருவில் பல எண் நூல்களைத் தேடி வாங்கி, முறுக்கிச் சேர்த்தோம். ‘விக்டரி’யின் கயிறுகளை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டினால் 26 மைல், அதாவது 42 கி.மீ. வரும் என்பது கணக்கு. 1:100 அளவில் 420 மீட்டர். அதில் பாதியைக் கட்டினோம் என்று சொல்லிக்கொள்ளவும் எங்களுக்குத் துணிவில்லை.

அந்த ஏணிப்படிகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு பக்கத்தில் பத்து வடங்கள், முப்பது படிகள் என்று வைத்துக்கொண்டால் முந்நூறு முடிச்சுகள். மூன்று பாய்மரங்கள், இரு பக்கங்கள், மேலடுக்குகள் என்று கூட்டினால் எண்ணிக்கை ஆயிரங்களில் செல்கிறது. படிக்குப் படி 3 மி.மீ. சற்றே கூடிய இடைவெளி. ஒரு முடிச்சை அதிகம் இறுக்கினால் வடங்கள் உள்நோக்கி வளைந்து, நடுவில் இடுப்புச் சிறுத்துவிடும். ஓசையின்றிக் கழிந்த அந்த இரவுகளில், இப்படிகளில் வெறுங்காலோடு ஏறியவர்களைப் பற்றி நாங்கள் நிறையப் பேசினோம். டிராபல்கர் போர் நாளில் ‘விக்டரி’யில் இருந்தோர் 821 பேர். எங்கள் கப்பலில் ஒருவரும் இல்லை. ஆனால் ஓடுகயிறு ஒவ்வொன்றும் தளத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தில்தான் வந்து முடிய வேண்டும். இருளிலும் புயலிலும் தடவிப் பார்த்தே கை அந்தக் கயிற்றைக் கண்டுகொள்ள வேண்டுமல்லவா? இடத்தை மாற்றிக் கட்டினால் பார்ப்பவருக்குத் தெரியப்போவதில்லை. அந்தக் கைக்குத் தெரிந்திருக்கும். அதை நினைத்தே பலமுறை அவிழ்த்துக் கட்டினோம்.

மழைக்காலம் வந்தபோது மற்றொரு பாடம். முறுக்கிய பருத்தி நூல் ஈரம் ஏறியதும் இறுகி, பிளாஸ்டிக் பாய்மரத்தைப் பின்னுக்கு வளைத்தது. வெயில் வந்ததும் தளர்ந்து தொங்கியது. பிழை செய்துவிட்டோமோ என்று அஞ்சினோம். உண்மையான சணற்கயிறும் அப்படித்தான் நடந்துகொண்டது. மூன்று துளைக் கட்டைகளைக் கொண்டு அடிக்கடி இறுக்கியும் தளர்த்தியும் சரிசெய்ததே அதற்காகத்தான். நாங்கள் எஞ்சிய நூல்களைத் தேன்மெழுகில் இழுத்து எடுத்துக் கட்டினோம். பிசிறும் அடங்கியது, ஈரமும் குறைந்தது.

*

கயிறு கையால் ஆனது. ஆனால் கயிறு ஓடும் கப்பிகள் எந்திரத்துக்கு மாறியது அதே ஆண்டுகளில்தான். ‘விக்டரி’யின் பாய்களை இயக்க 768 கப்பிகள் வேண்டியிருந்தன. கடற்படை முழுவதற்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தேவைப்பட்டன. மார்க் புருனெல் வகுத்து ஹென்றி மாட்ஸ்லி உருவாக்கிய எந்திரங்களைக் கொண்டு போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் கப்பி ஆலை அமைந்தது. 1808-இல் அது ஆண்டுக்கு 1,30,000 கப்பிகளைச் செய்தது. முன்பு 110 பேர் செய்த வேலைக்கு 10 பேர் போதும் என்றானது. உலோக எந்திரங்களைக் கொண்டு ஒரே பொருளை ஏராளமாகச் செய்யும் முறைக்குத் தொடக்க காலச் சான்றாக இந்த ஆலையைக் குறிப்பிடுவார்கள். 1805 செப்டம்பர் 14 காலையில், கடைசியாகக் கப்பலேறும் முன், நெல்சன் இந்த ஆலையைப் பார்த்துவிட்டுச் சென்றார். எங்கள் பெட்டியில் ஒரே அச்சில் வார்த்த நூற்றுக்கணக்கான கப்பிகளைக் கொத்தாகக் கண்டபோது, அவற்றின் பரம்பரை அங்கே தொடங்குகிறது என்று தோன்றியது.

சணலுக்கும் ஓர் அரசியல் உண்டு. பிரிட்டனின் கயிற்றுச் சணலில் பெரும்பகுதி ருஷ்யாவிலிருந்து பால்டிக் கடல் வழியே வந்தது. அந்த வழி அடைபட்டால் கடற்படை நின்றுவிடும். 1801 ஏப்ரலில் நெல்சன் கோபன்ஹேகனில் போரிட்டதற்குப் பின்னால் இந்த அச்சமும் இருந்தது. மாற்று வழியாகக் கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்தில் சணப்பு நாரைச் சோதித்தது. தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பர்க் இந்திய நார்களை ஒப்பிட்டு ஆராய்ந்தார். இந்தியப் பெருங்கடலில் தென்னை நார்க் கயிறு முன்பே புழங்கியது. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் ‘காயர்’ என்ற சொல்லே நம் பக்கத்துக் ‘கயிறு’தான்.

இந்த வகைப் போர்க்கப்பல்கள் நம் கரைக்கு அந்நியமல்ல. 1782-இல் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரானும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை ஆகிய இடங்களுக்கு அப்பால் மோதினார்கள். 1783 ஜூன் 20 அன்று கடலூருக்கு அப்பால் கடைசி மோதல். பிரெஞ்சுக்காரர்கள் எதிரியின் உடலைவிடப் பாய்மரங்களையும் கயிறுகளையும் குறிவைப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தார்கள். பாய்மரம் முறிந்தால் மாற்று மரத்துக்கு இந்தக் கரையில் வழியில்லை. சுஃப்ரான் தம் சிறு கப்பல்களின் மரங்களைப் பிடுங்கிப் பெரிய கப்பல்களில் நட்டார். அன்று நாகையிலும் கடலூரிலும் கரையில் நின்றவர்கள் தொலைவில் கண்டது எங்கள் மேசை மேல் நிற்பது போன்ற உருவங்களைத்தான்.

*

இனி, நாளும் நேரமும்.

1805 அக்டோபர் 21 காலை காற்று மிக மெல்லியது. விரைவு வேண்டி, வழக்கமான பாய்களுக்கு வெளியே பக்கப்பாய்களையும் விரித்துக்கொண்டு ‘விக்டரி’ எதிரி வரிசையை நோக்கி நகர்ந்தது. பக்கப்பாய்களுக்குத் தனிக் கழிகள், தனிக் கயிறுகள். எதிரியை அடையும்போது அந்தக் கழிகள் எல்லாம் குண்டுகளால் முறிந்திருந்தன. சுக்கான் சக்கரம் நொறுங்கியது. கீழ்த்தளத்தில் ஆட்கள் கயிற்றை இழுத்துக் கப்பலைத் திருப்பினார்கள். பின்பாய்மரத்தின் மேற்பகுதி விழுந்தது. அந்த நாளின் முன்பாய் ஒன்று போர்ட்ஸ்மத்தில் இன்னும் பாதுகாக்கப்படுகிறது. அதில் ஏறத்தாழ 90 குண்டுத் துளைகள். ‘விக்டரி’யில் மாண்டவர் 57 பேர். எனவே ‘டிராபல்கர் விக்டரி’ என்று பெட்டியின் மேல் அச்சிட்டு, ஒரு கயிறும் அறாத கப்பலைக் காட்டும்போது, அந்த நாளின் எந்த மணியைக் காட்டுகிறார்கள்?

இந்தக் கேள்வி ஓவியர் டர்னரையும் சுட்டிருக்கிறது. 1805 டிசம்பரில் நெல்சனின் உடலுடன் கப்பல் திரும்பியபோது நேரில் சென்று வரைந்து வந்தவர் அவர். ஆயினும் 1824-இல் அரசருக்காக அவர் முடித்த பெரும் ஓவியத்தில், நண்பகலுக்குச் சற்று முன் ஏறிய கொடிச் சமிக்ஞையும், ஒரு மணிக்கு விழுந்த பாய்மரமும், மறுநாள் மூழ்கிய எதிரிக் கப்பலும் ஒரே கணத்தில் நிகழ்கின்றன. மாலுமிகள் அதை ஏற்கவில்லை. ஓவியத்துக்கு அந்த உரிமை உண்டு என்போம். மாதிரிக்கு உண்டா?

உண்மைக் கப்பலைப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். 1922-இல் உலர்துறையில் ஏற்றி, 1805-இன் தோற்றத்துக்கு மீட்பது என்று முடிவெடுத்து, 1928 வரை வேலை செய்தார்கள். அதாவது அவர்களும் எங்களைப் போலவே ஆவணங்களைப் படித்துத் தீர்மானித்தவர்கள். நடுத்தளத்தில் இன்று காணப்படும் ஏறுவாசல்கள் போர் நாளில் இருந்தனவா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பல தலைமுறைகளாக அழுத்தமான மஞ்சளில் இருந்த பட்டைகள், பழைய பூச்சு அடுக்குகளை ஆராய்ந்த பின் 2015-இல் வெளிறிய இளஞ்சிவப்புச் சாயலுக்கு மாறின. பெரும் பாய்மரத்தின் அடிப்பகுதி மரமே அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேறொரு கப்பலிலிருந்து எடுத்து நட்ட இரும்பு. அதுவும் 2021-இல் கழற்றப்பட்டது. 2022-இல் தொடங்கிய பழுதுபார்ப்பு பத்தாண்டுகளுக்கும் மேல் நீளும் திட்டம். கப்பலே தன் மாதிரியாகத்தான் நிற்கிறது.

நாங்கள் எடுத்த முடிவு இது. போர் நாளை விட்டுவிட்டோம். பாய்கள் இல்லாத கப்பலாக, துறையில் நிற்கும் நிலையில் கட்டினோம். அப்படியானால் இன்னொரு திருத்தம் தேவைப்பட்டது. பாய் விரிக்காதபோது மேலடுக்குப் பருமல்கள் உயரத்தில் நிற்பதில்லை, கீழே இறக்கப்பட்டிருக்கும். பெட்டியின் படத்தில் பாயும் இல்லை, பருமல்களும் இறங்கவில்லை. எந்த மாலுமியும் கண்டிராத நிலை அது. ஏற்கெனவே கட்டிய தூக்குகயிறுகளை அறுத்து, பருமல்களை இறக்கி, மறுபடியும் கட்டினோம். படத்தில் இருப்பதைவிட எங்கள் கப்பல் கம்பீரம் குறைந்ததுதான்.

முடிவில் பீடத்தின் அடியில் ஒரு தாளை ஒட்டினோம். எவற்றை நூல்களைப் பார்த்துத் திருத்தினோம், எவற்றைப் பெட்டியில் வந்தபடியே விட்டோம், எந்தக் கயிறுகளைக் கட்ட இயலாமல் விட்டோம், பட்டைகளுக்கு ஏன் வெளிறிய நிறம் என்பனவற்றை வரிசையாக எழுதினோம். ஏறுவாசலுக்கு எதிரே ‘ஐயம்’ என்று ஒரு சொல். கப்பலைப் பார்க்க வருபவர்களில் எவரும் அதைத் திருப்பிப் பார்த்ததில்லை. பின்னாளில் யாரேனும் இதை அவிழ்த்துத் திருத்திக் கட்ட முனைந்தால், அவர்களுக்கு அது உதவக்கூடும்.